மூன்றாம் நம்பர் மாநகரம்

உலகத்தில் தரம் பிரிக்கப்படாத எந்தப் பொருளையும் செலக்‌ஷன் பாயால் ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் ஊரை மாநகராட்சி ஆக்கும் போராட்டம் தோற்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். காரணம் அந்த ஐந்து நிமிடம்தான். கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் "அது எங்கே?" என்பீர்கள். "வேலூர் பக்கம்" என்பேன். வேலூர்க்காரர் கேட்டால் "ஆம்பூர் பக்கம்" என்பேன். ஆம்பூர்க்காரர்கள் கேட்பதில்லை, அவர்களுக்கு பிரியாணி வேலை இருக்கிறது. எனவே பெயரை விட்டுவிடுவோம். இருவருக்கும் நேரம் மிச்சம்.

பாய் முப்பத்திரண்டு வருஷம் தோல் ஷெட்டில் செலக்‌ஷன் மேஜையில் நின்றவர். தோல் வந்து விழும். விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு, புரட்டி இன்னொரு தடவு. முள் கீறல், உண்ணிக் கடி, கத்தி வெட்டு எல்லாம் அவர் கைக்குத் தெரிந்துவிடும். சாக்பீஸால் மூலையில் ஒரு நம்பர் போட்டுத் தள்ளிவிடுவார். ஒன்று என்றால் குறையே இல்லாத தோல். ஆறைத் தாண்டினால் கழிவு. ஒன்றை அவர் போட்டதே இல்லை. "ஒன்னு மேல இருக்கறவன்கிட்ட கீது" என்பார். இரண்டு போட்டதை விரல்விட்டு எண்ணலாம். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் சாக்பீஸ் இருந்தது, கையும் இருந்தது, தோல்தான் இல்லை. ஆகவே ஊரில் கிடைத்ததற்கெல்லாம் போட்டார்.

ஆட்டோவின் பின்பக்கம் ஐந்து. தபால் பெட்டிக்கு நான்கு. ஒரு கல்யாணத்தில் வரவேற்பு வளைவின் காலில் நான்கு போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அது யாருக்கு என்று கேட்டுச் சண்டைக்கு வந்தார்கள். அவருடைய மனைவி வைக்கும் குருமாவுக்கு நாற்பது வருஷமாக மூன்று. "ரெண்டு எப்பங்க வரும்?" என்று கேட்பதையே அந்த அம்மாள் நிறுத்திவிட்டார். என் பத்திரிகைக் கட்டுரைகளையும் விடவில்லை.

"இந்த வாரம் நாலு தம்பி."

"போன வாரமும் நாலுதானே பாய்?"

"போன வாரம் அஞ்சு. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. வயித்துப் பக்கம் தொளதொளன்னு கீது. முதுகுல மட்டும் எழுதக் கத்துக்கோ."

தோலில் முதுகுதான் கெட்டி, வயிறு தளர்ந்திருக்கும். பெரிய விமர்சகர்கள் பல பக்கத்தில் சொன்னதை இவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். பெரிய விமர்சகர்கள் யாரும் என்னைப் பற்றி எழுதியதில்லை என்பது வேறு விஷயம்.

பாய்க்கு மாநகரம் தேவைப்பட்டது முட்டிக்காக. முப்பத்திரண்டு வருஷம் நின்றதில் இரண்டு முட்டியும் போய்விட்டன. செவ்வாய்க்கிழமைதோறும் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்து, சூடு வைத்து, நடக்கிற மாதிரி ஆக்கி அனுப்புவார்கள். திரும்பும் பஸ் ஊருக்குள் வராது. மேம்பாலத்தில் ஏறிப் போய்விடும்.

"பாய், பைபாஸ்லயே எறங்கிக்கோ" என்பார் கண்டக்டர்.

"போர்டுல ஊர் பேரு கீதே?"

"பேரு கீது, ஸ்டாப்பு இல்ல."

பைபாஸிலிருந்து வீடு வரை நடந்தால் வேலூர் வைத்தியம் மொத்தமும் ரத்து. ஆட்டோ பிடிக்கச் சொன்னால், "ஆறாம் நம்பர் வண்டிக்கு ஒன்னாம் நம்பர் ரேட்டு கேக்கறான்" என்பார். ஊருக்குள் வருகிற டவுன் பஸ் ஒன்று உண்டு. அது எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சி மீட்புக் குழு தொடங்கியது. இல்லாத ஒன்றை எப்படி மீட்பது என்று கேட்டேன். லெட்டர்பேடு அச்சடித்தாயிற்று என்றார் தலைவர். தலைவருக்குச் சொந்தமாகக் கல்யாண மண்டபம் இருந்தது. மேயர் அங்கிக்கு டெய்லரிடம் அளவும் கொடுத்திருந்தார். ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதம் எழுதுகிறவன் என்பதால் மனு எழுதும் வேலை எனக்கு. மாநகரம் ஆனால் பஸ் உள்ளே வரும் என்று தலைவர் சொன்ன ஒரே வார்த்தைக்காகப் பாயும் சேர்ந்தார்.

மனு மேல் மனு எழுதினேன். எல்லாவற்றுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அந்தச் சொற்றொடரைக் கண்டுபிடித்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பிறகு உண்ணாவிரதம் இருந்தோம். பதினோரு நாற்காலி வாடகைக்கு எடுத்தோம், ஏழு பேர் வந்தோம். மிச்ச நாலுக்கும் பாய் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் வெயில் தாங்காமல் ஒன்றில் உட்கார்ந்தார். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் எங்களில் உருப்படியாகத் தெரிந்தவர் அவர்தான்.

கடைசியில் புதிதாக ஒரு பதில் வந்தது. மக்கள்தொகை போதாது, பக்கத்து ஊராட்சிகளை இணைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். தலைவர் துள்ளினார்.

"மூனு ஊராட்சிய இழுத்துடலாம்."

பாய் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். "தோலை நனைச்சி, இழுத்து, பலகையில ஆணி அடிச்சா அளவு ஜாஸ்தி வரும். ஆணி புடுங்குனா சுருங்கும்."

"புடுங்கும்போது பாத்துக்கலாம் பாய்!"

முதல் ஊராட்சிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் நூறு நாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கைகூப்பினார். "இனிமே நீங்கல்லாம் சிட்டிம்மா!"

செல்வி என்ற பெண் எழுந்தாள். "சிட்டி ஆனா நூறு நாள் வேலை கீதா சார்?"

"அது கிராமத்துக்குத்தாம்மா..."

"வூட்டு வரி?"

"கொஞ்சம் மாறும்."

"மாறும்னா ஏறும்."

"தண்ணி வரும், லைட்டு வரும், ரோடு வரும்."

"இப்போ உங்க தெருவுல வர்தா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். பாய்தான், "வராதும்மா" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு பாய் சிட்டி?"

"பஸ்ஸு உள்ள வரும்னு சொன்னாங்கம்மா. முட்டி வலி."

"பஸ் வேணும்னா பஸ்ஸக் கேளுங்க. எங்க வேலைய இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

பாயின் கை சட்டைப்பைக்குப் போனது. சாக்பீஸை எடுத்தார், வைத்துக்கொண்டு நின்றார், திரும்பப் போட்டுவிட்டார். வரும் வழியில் கேட்டேன். "இன்னா நம்பர் பாய்?"

"அந்தக் கேள்விய விரிச்சிப் பாக்கற அளவுக்கு மேஜை இல்ல தம்பி என்கிட்ட."

சென்னையிலிருந்து பார்வையிட அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரால் கோலம் போட்டார்கள். தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரைட்டர் சார், உங்களுக்கு ஒரே வேலைதான். பாய எங்கயாவது கூட்டிட்டுப் போய் வச்சிக்குங்க." ஊருக்காக நான் ஏற்ற பொறுப்புகளில் இதுதான் எளிது என்று நினைத்தேன். கடைக்கோடியில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அதிகாரிக்குத் தலைவலி. அவருடைய ஜீப் அதே டீக்கடையில் வந்து நின்றது.

பாய் அப்போது பெஞ்சுக்கு ஐந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே எழுதறீங்க?"

"செலக்‌ஷன் சார்."

நான் தடுப்பதற்குள் முப்பத்திரண்டு வருஷக் கதையையும் சொல்லிவிட்டார். அதிகாரிக்குத் தலைவலி போய்விட்டது. சிரித்துக்கொண்டே கேட்டார். "சரி, இந்த ஊருக்கு என்ன நம்பர் போடுவீங்க?"

தலைவர் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தார். அவர் ஆட்காட்டி விரல் ஒன்று ஒன்று என்று காற்றில் துடித்தது. நான் பாயின் தொடையைக் கிள்ளினேன். "பாய், பஸ்ஸு!" என்று காதோரம் சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார். கை முட்டிக்குப் போனது, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"மூனு சார்."

"மூனுன்னா?"

"நல்ல சரக்குதான் சார். முள்ளுக் கீறல் கீது, உண்ணிக் கடி கீது. செருப்புக்கு ஆவும். கோட்டுக்கு ஆவாது."

"பக்கத்து ஊராட்சிக்காரங்களுக்குச் சம்மதமா?"

"நூறு பர்சென்ட் சார்" என்றார் தலைவர்.

"இல்ல சார்" என்றார் பாய். "இழுத்து ஆணி அடிக்கறோம். ஒன்னுன்னு சீல் போட்டு அனுப்பிடலாம் சார். நாளைக்குச் சரக்கு திரும்பி வந்தா யாரு பதில் சொல்றது?"

அதிகாரி ஃபைலில் ஏதோ எழுதினார். டீ நன்றாக இருக்கிறது என்றார். ஜீப் மேம்பாலம் ஏறிப் போயிற்று.

"தற்போதைக்குத் தகுதி பெறவில்லை" என்று பதில் வந்தது. தலைவர் இன்றுவரை பாயோடு பேசுவதில்லை. மேயர் அங்கியை அவர் பேத்தி பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் ராஜாவாகப் போட்டுக்கொண்டு ஆறுதல் பரிசு வாங்கினாள். குழுவுக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அது. எனக்கும் கோபம்தான். என் மனுவெல்லாம் வீண், பாய் முட்டி வலியோடு கூட அலைந்ததும் வீண். பத்து நாள் பேசவில்லை.

பதினோராவது நாள் வாசலில் நின்றார். "தம்பி, ஒரு மனு எழுதணும். மாநகரம்லாம் வேணாம். பஸ் மட்டும் கேளு."

ஒரே பத்தி எழுதினேன். படித்துவிட்டு, "மூனு. முதுகுல எழுதியிருக்க" என்றார். அதற்கு வந்த பதிலில், ஊர் தரம் உயர்த்தப்படும்போது கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் படித்தோம். பிறகு டீ குடிக்கப் போய்விட்டோம். வேறென்ன செய்வது?

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பைபாஸுக்குப் போய் நிற்கிறேன். அத்தனை மனுக்கள் எழுதாமல் முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். எனக்கு எழுதத்தான் தோன்றியது. பாய் பஸ்ஸிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்து ஏறி, வீடு வரை பேசிக்கொண்டே வருவார். "வண்டி அஞ்சு. நீ ஓட்றது நாலு. பள்ளத்தப் பாத்து ஓட்டு, இல்லனா அஞ்சு."

போன மாதம் ஒரு நாள் இறங்கியவர், வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். முட்டிதான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில்தான் பார்த்தேன். நம்பர் பிளேட்டுக்கு மேலே இரண்டு என்று சாக்பீஸால் போட்டிருந்தது.

இதைப் பாயின் மனைவியிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். குருமா விவகாரம் பெரிதாகிவிடும். நானும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தால் மட்டும் வண்டியை வெளியே எடுப்பதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில், கேட்ட ரேட்டைக் கொடுத்து ஆட்டோ பிடித்துப் போய், பாயை அழைத்து வருகிறேன்.