இருபத்தேழு வருஷத்து ‘ம்’

“ம்” என்றார் லிஃப்ட்காரர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சொன்ன பிறகுதான் உறைத்தது, வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை என்று. நிமிர்ந்து பார்த்தால், மனைவி சிலேட்டை அவர் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். தீய்ந்த பால் வாடை கூடம் வரைக்கும் வந்திருந்தது. சிலேட்டில் முத்து முத்தாக எழுதியிருந்தது: ‘பால் பொங்கிவிட்டது. நானே அணைத்துவிட்டேன். நீங்கள் படியுங்கள்.’

“அடடா, ஒரு குரல் குடுத்திருக்கலாமே!” என்றார்.

அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது வாண்டுகளை இருபத்தைந்து வருஷம் கத்தி மேய்த்ததில் தொண்டையில் கடுகளவுக்கு ஒரு கட்டி. மூன்று நாள் முன்புதான் ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். டாக்டர் அவளை விட்டுவிட்டு இவரைத்தான் பிடித்துக்கொண்டார்.

“பத்து நாள் மூச்! ஒரு வார்த்தை கூடாது. பத்தாம் நாள் மெதுவா ‘அம்மா’ன்னு சொல்லிப் பார்க்கலாம். நடுவுல கத்திக்கித்தி வெச்சாங்கன்னா குரல் போனது போனதுதான். அவங்களைக் கத்த வைக்காம பாத்துக்கறது உங்க பொறுப்பு.”

ஆஸ்பத்திரி முன் மேஜையில் இருந்த பெண், பதினைந்தாம் நாள் மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். லிஃப்ட்காரர் ஒரு வாரம் லீவு போட்டார்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ஓட்டுகிறவர் அல்ல. லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் கட்டுப்பாட்டு அறை அவருடையது. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் நடுவில் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அவர் மேஜையில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேர அரை மணி ஆகும். அதுவரை உள்ளே இருக்கிறவர்கள் பதறாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

“வணக்கம். பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

இதில் அவரை அடிக்க கம்பெனியிலேயே ஆள் கிடையாது. முன்பின் தெரியாதவர்களின் மாமியார் சண்டை, மூட்டுவலி, பிள்ளையின் பரீட்சை, எல்லாவற்றையும் அப்படிக் கேட்பார். அந்தக் கேட்கிற சரக்கு முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இருந்தது ‘ம்’ ஒன்றுதான். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தை மனிதர் அந்த ஒற்றை எழுத்திலேயே ஓட்டியிருந்தார்.

காதுக்கு ‘ம்’ போட்டுத் தப்பிக்கலாம், சிலேட்டுக்கு முடியுமா? யோசித்து ஒரு கைமணி வாங்கி வந்தார்.

“இனிமே என்ன வேணும்னாலும் அடி. எங்க போனாலும் கையிலயே வெச்சுக்கோ.”

அன்று மத்தியானம் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தபோது மணி அடித்தது. கண்ணைத் திறக்காமலே, தேன் ஒழுகுகிற குரலில் சொன்னார்: “வணக்கம். பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?”

டிங் என்று ஒரு தடவை அடித்தது.

“ஒருத்தர்தானா? நல்லது. கதவைத் தட்டாதீங்க, அரை மணியில வந்துடுவாங்க.” சொல்லிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார்.

குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு உள்ளே நின்றிருந்த மனைவிதான் அந்த ஒருத்தர். விடாமல் அடித்த மணியைக் கேட்டு, கீழ்வீட்டுக்காரி ஸ்குரூ டிரைவரோடு ஓடிவந்து திறந்துவிட்டாள். சாயங்காலம் சிலேட்டில் இருந்தது: ‘உங்கள் ஆள் இன்னும் வரவில்லை.’

மணி பரணுக்குப் போனது. வாயும் வேண்டாம், மணியும் வேண்டாம், ஜாடையே போதும் என்று அடுத்த தீர்மானம். அவளைச் சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவள் கைகாட்டக் காட்ட சூப் வைக்க ஆரம்பித்தார். ஏழாம் நாள், லீவின் கடைசி நாள்.

அவள் தன் தோளைத் தட்டிக் காட்டினாள்.

“பரவாயில்லையே, பாராட்டெல்லாம் கிடைக்குது!”

அவள் தலையை வேகமாக ஆட்டி, விரல்களைப் படபடவென்று அசைத்தாள்.

“உப்பா? போட்டாச்சே. சரி, நீ சொன்னா இன்னும் கொஞ்சம்.”

உப்பு டப்பாவை எடுக்க அவர் குனிந்தார்.

“துண்டு! ஐயோ, துண்டு பத்திக்கிச்சு!”

நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். தோளில் தொங்கிய துண்டின் நுனி எரிந்துகொண்டிருந்தது. உருவித் தொட்டியில் எறிந்து குழாயைத் திறந்தார். நெருப்பு உடனே அணைந்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதா?”

இல்லை என்று தலையசைத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கத்த வைக்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே!

பத்தாம் நாள் காலையில் அவள் எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க, மெதுவா சொல்லு. அம்மா.”

வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். அப்போதும் காற்றுதான். உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சிலேட்டை எடுத்தாள்: ‘வரவில்லை.’

அன்றைக்கு ஆபீசில் அவருக்கு எதுவும் ஓடவில்லை. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது இவள் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் காற்றை ஊதிக்கொண்டு நிற்பாளா? அதைவிட, வீட்டுக்குள் நுழைந்ததும் “என்னங்க, வந்துட்டீங்களா?” என்று ஒரு குரல் வருமே, அதை இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது? பதினோராவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாள் வேறு, “எங்க வீட்டுக்காரர் போனையே எடுக்கலைங்க, நீங்களாவது கேக்கறீங்களே” என்றாள். அவர் ‘ம்’ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் நேரே வீடு. பேப்பரைத் தொடுவதில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சிலேட்டுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

“ம், எழுது.” உடனே காதைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கோ. எழுதும்மா, படிக்கிறேன்.”

அவளும் எழுதினாள். எத்தனை வருஷத்துப் பாக்கி! கார் ஓட்டக் கற்றுக்கொள்ளணும் என்று ஆறு தடவை சொன்னதை எழுதினாள். அவர் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் தன்னை யாரும் சாப்பிடக் கூப்பிடாததை எழுதினாள். ஒரு நாள் எழுதி, தயங்கி, பாதியை அழித்து, மறுபடி எழுதினாள்: ‘ஆபரேஷனுக்கு முதல் நாள் பயமாயிருக்கு என்று சொன்னேன். நீங்கள் ம் என்றீர்கள்.’

அவருக்கு ஞாபகமே இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

“அப்படியா சொன்னேன்?”

தலையசைத்தாள். அவர் சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், அப்புறம் மூடிக்கொண்டாள்.

வீட்டில் ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. பேசாத பொம்பளைக்கு எதற்கு அந்தப் போன்? அவர் திரும்பி வரும்போதெல்லாம் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்து கிடக்கும். படம் பார்க்கிறாள்போல, பாவம், வேறென்ன செய்வாள் என்று அவரே செருகி வைப்பார். கீழ்வீட்டுக்காரி வேறு படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “அக்கா இப்பதான் அண்ணே ரொம்ப சந்தோஷமா இருக்காங்க” என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பதினாலாம் நாள் சிலேட்டில் புதுச் செய்தி: ‘ஆஸ்பத்திரியிலிருந்து தகவல். டாக்டர் ஊரில் இல்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.’

இன்னும் இரண்டு வாரமா! அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் அவளிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். கையோடு அந்தக் கருகிய துண்டையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டார். முன் மேஜையில் அதே பெண்.

“டாக்டர் ஊர்ல இல்லைன்னு தெரியும்மா. வேற பெரிய டாக்டர் யாராவது இருந்தா பார்க்கணும்.”

“டாக்டர் உள்ளதானே சார் இருக்கார்?”

அவர் காதில் அது ஏறவில்லை. துண்டை மேஜைமேல் விரித்தார். பால், மணி, தாழ்ப்பாள், சூப் எல்லாவற்றையும் கொட்டினார். கியூவில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“என் பொறுப்புன்னு சொன்னார்மா. நான்தான் கத்த வெச்சேன். அன்னியோட அவ குரல் போச்சு. பத்தாம் நாள் ‘அம்மா’ன்னு சொல்லச் சொன்னா வெறும் காத்துதான் வருது. அவ டீச்சர்மா, குரல் இல்லாம என்ன பண்ணுவா? டாக்டர் என்னை என்ன வேணும்னாலும் திட்டட்டும், அவளுக்குக் குரல் வந்தாப் போதும்.”

அந்தப் பெண் அவரையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“சார், முந்தாநாள் அவங்கதான் போன் பண்ணினாங்க, கணீர்னு பேசினாங்க, ‘இப்பதாம்மா வீட்ல நான் சொல்றது அவர் காதுல விழுது, தேதியை இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுக் குடு’ன்னு!”