புழு தின்ற கப்

ஃபிர்தௌஸ் ஈரச் சாக்கை விலக்கினாள். களைக்கொத்தியால் கிளறினாள்.

புழுத்தொட்டியில் கோஸ் இலை இருந்தது. கேரட் தோல் இருந்தது. வெள்ளிக்கிழமை பூஜையில் வாடிய சாமந்தி இருந்தது. புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. கப் மட்டும் இல்லை.

இன்னும் ஆழமாகக் கிளறினாள். கடைசியில் கையையே விட்டுத் துழாவினாள்.

ஒன்றுகூட இல்லை.

"என்ன மேடம், தங்கம் தேடறீங்களா?"

பின்னால் ஜெயமணி நின்றிருந்தார். பர்ச்சேஸ் மேனேஜர். அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரு குண்டூசி வரவேண்டுமென்றாலும் அவர் மனது வைக்கவேண்டும்.

"கப்பைத் தேடறன் சார்."

"கெடைக்காது. அது சோளம். புழுவுக்கு நாம பிரியாணி போட்ட மாதிரி."

"பிளாஸ்டிக்க எந்தப் புழு சார் தின்னும்?"

"அதான் தின்னுடுச்சே," என்றார் ஜெயமணி. சிரித்துக்கொண்டே போனார்.

சண்டை ஆடி மாதம் தொடங்கியது. ஓசூர் சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. ஃபிர்தௌஸ் அங்கே கேன்டீன் சூப்பர்வைசர். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில்தான் டீ. கழுவ நான்கு பெண்கள். திடீரென்று ஒரு நாள் ஜெயமணி வெள்ளை கப் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதில் பச்சை இலை போட்டிருந்தது. சோளத்தில் செய்தது, மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும் என்று எழுதியிருந்தது.

கழுவ வேண்டாம். தண்ணீர் மிச்சம், சோப்பு மிச்சம், ஆள் மிச்சம் என்றார். டம்ளர்கள் பரண் ஏறின. நான்கு பெண்களும் தோட்டவேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அதுவும் ஆயுத பூஜை வரைக்கும்தான். பிறகு வீடு.

ஃபிர்தௌஸ் கப்பைப் பல்லால் கடித்துப் பார்த்தாள்.

"இது சோளம்னா நான் சோளக்கொல்லை பொம்மை."

அதை அவள் தொழிற்சாலைத் தலைமை அதிகாரி பிரியதர்ஷினியின் அறையில், அவர் எதிரிலேயே சொன்னாள். பிரியதர்ஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு சண்டை? கேன்டீனுக்குப் பின்னாடி புழுத்தொட்டி இருக்குதில்ல. அதுல போடுங்க. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நானே வந்து பாக்கறன். கப் மக்கியிருந்தா இனிமே கப்தான். மக்கலன்னா டம்ளர் எறங்கட்டும். அவங்க நாலு பேரும் திரும்பி வரட்டும்."

"வெளிய யாருக்கும் தெரியக் கூடாது மேடம்," என்றார் ஜெயமணி. "தெரிஞ்சா டம்ளர் கோஷ்டி கைய வெச்சிடும்."

"ஆமா மேடம்," என்றாள் ஃபிர்தௌஸ். "கப்பு கோஷ்டியும் வெக்கும்."

ஆக, விஷயம் மூன்று பேரோடு நின்றது.

தொட்டிக்குத் தீனி போடும் வேலை கெம்பம்மாவுக்கு வாய்த்திருந்தது. டம்ளர் கழுவிய நால்வரில் மூத்தவர். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்து ஊர். தமிழ் பேசினால் நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும். டம்ளர் போன பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. பூந்தொட்டிகளைக் கழுவினார். மண்வெட்டிக்குச் சோப்புப் போட்டார். ஒரு நாள் புழுவுக்குப் போடும் கோஸ் இலையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

"இத எதுக்குக்கா அலசறீங்க? புழு திங்கறதுதானே?"

"புழுன்னா என்ன மேடம்? அதுவும் வாயாலதானே திங்குது."

அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஃபிர்தௌஸுக்குச் சுருக்கென்றது. பழைய கழுவும் மேடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். குழாய் ஓடும் சத்தம் அங்கிருந்து சில சமயம் கேட்கும். யாராவது கை கழுவுவார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது கப் காணாமல் போயிருந்தது. ஜெயமணி ஏதோ பொடியைக் கொண்டுவந்து தூவுகிறார் என்று முடிவு கட்டினாள். வேறு எப்படிக் கரையும்?

மகள் இரமுடைய நெயில் பாலிஷை எடுத்துவந்தாள். புதுக் கப்புகளின் அடியில் சிவப்புப் பொட்டு வைத்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆழமாகப் புதைத்தாள். தொட்டிக்குக் கம்பிவலை மூடி போட்டுப் பூட்டினாள். சாவியைக் கெம்பம்மாவிடம் கொடுத்தாள். இந்த இடத்தில் நம்புவதற்கு வேறு ஆள் இல்லை.

"அக்கா, இந்தத் தொட்டில காய்கறித் தோலு, எல தழ தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது. யாரோ வந்து என்னத்தையோ போட்டுட்டுப் போறாங்க."

கெம்பம்மாவின் முகம் சிவந்தது. "ஆமா மேடம்! நானும் பாத்தன். அறிவு கெட்டவனுங்க."

"நீங்கதான் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாத்துக்கணும்."

"ஆய்த்து மேடம். ஒரு துரும்பு இருக்காது."

ஃபிர்தௌஸ் நிம்மதியாகப் போனாள்.

அடுத்த மாதம் திறந்தாள். கப் இல்லை. சிவப்புப் பொட்டுகூட இல்லை.

"நெயில் பாலிஷும் தின்னுதா?" என்று வீட்டில் கத்தினாள்.

அவள் கணவன் லால் பாஷா ஆட்டோ ஓட்டுபவன். யாருடைய சண்டைக்கும் ஒரு வழி சொல்லாமல் இருக்கமாட்டான்.

"கூட்டம் சாஸ்தியாயிருக்கும். ஒரு ஊட்ல இருபது பேரு இருந்தா சட்டில சோறு மிஞ்சுமா? கொஞ்சம் புழுவ வேற எடம் மாத்து."

மறுநாள் பொட்டு வைத்த கப்புகளை மறுபடி புதைத்தாள். சாயங்காலம் மத்திகிரி டவுன் பஸ்ஸில் ஃபிர்தௌஸ் மூடி போட்ட பக்கெட்டோடு ஏறினாள்.

"பக்கெட்ல என்னம்மா?" என்றார் கண்டக்டர்.

"புழு."

கண்டக்டர் ஒரு எட்டு பின்னால் போனார். "உங்களுக்கு ஃப்ரீ. அதுங்களுக்கு?"

"எல்லாம் லேடீஸ்தான். எண்ணிப் பாத்துக்கோங்க."

அவள் சீட்டில் அப்புறம் யாரும் உட்காரவில்லை.

புழு குறைந்ததும் தொட்டி நாற ஆரம்பித்தது. ஈ மொய்த்தது. நாற்றம் மாடியேறி பிரியதர்ஷினியின் அறைக்குப் போனது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தார். ஜெயமணியும் கூட வந்தார். ஃபிர்தௌஸ் புழுவைக் கொண்டுபோனதை ஒத்துக்கொண்டாள். தொட்டியைக் கிளறிக் காட்டினாள். புழு இல்லை. கப்பும் இல்லை.

ஜெயமணிக்குத் தலைகால் புரியவில்லை.

"புழுவே இல்லாம கரையுது மேடம்! விக்கறவனே இவ்வளவு சொல்லல!"

அந்தச் சந்தோஷத்தை அவர் சப்ளையருக்கும் போன் போட்டுச் சொன்னார். சப்ளையர் விலையை ஏற்றினான். புது ஆர்டர் கையெழுத்தானால்தான் அடுத்த லோடு என்றும் சொல்லிவிட்டான்.

ஃபிர்தௌஸ் புழுக்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். பொட்டு வைத்த கப்புகளை இன்னொரு முறை புதைத்தாள். மேலே ஒரு கருங்கல் பலகையும் வைத்தாள். கெம்பம்மாவால் அதைத் தனியாகத் தூக்க முடியாது என்று தெரிந்ததும், தூக்கிக் கொடுக்க இன்னொருத்தியையும் போட்டாள்.

ஆயுத பூஜை நெருங்கியது. லால் பாஷா இன்னொரு வழி சொன்னான்.

"இதுக்குப் போயி ஏன் கெடந்து சாவற? கடைசி நாள் காலைல நாலு கப்ப நீயே பொதைச்சிடு. தோண்டனா கெடைக்கும். முடிஞ்சது கத."

"அது திருட்டுத்தனம்."

"ஜெயிக்கணுமில்ல?"

"அது பிளாஸ்டிக்கா இருக்கறதால நான் ஜெயிக்கணும். நான் திருடியா இருக்கறதால இல்ல."

லால் பாஷா டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த நாள் வந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து முடித்திருந்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கேன்டீனுக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, தொட்டியை அப்படியே கவிழ்த்தார்கள். ஃபிர்தௌஸ் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். உரத்தைப் பிடி பிடியாக எடுத்துச் சலித்தாள்.

கறுப்பான, வாசனையான, அருமையான உரம். அதில் ஒரு கப் இல்லை. ஒரு துணுக்கு இல்லை.

ஜெயமணி மெதுவாகக் கை தட்டினார். ஒரு ஆள் தட்டினாலே போதுமென்று இருந்தது அந்தச் சத்தம்.

"ஒத்துக்கறீங்களா ஃபிர்தௌஸ்?" என்றார் பிரியதர்ஷினி.

"இல்ல மேடம்."

"கண்ணு முன்னாடி இருக்குதே."

"கண்ணு முன்னாடி ஒண்ணுமே இல்லியே மேடம். அதனாலதான் ஒத்துக்கமாட்டன். நெசமான சோளத்தப் போட்டாலே சக்கை கெடக்கும். இது பொட்டோட போயிருக்குது."

"எந்தப் பொட்டு?"

"விடுங்க மேடம். மறுபடி போடுங்க. அடுத்த ஆடி வரைக்கும் போடுங்க. நான் இங்கயே நின்னு காவல் காக்கறன்."

"நிக்கறதுக்கு வேல இருக்கணுமே," என்றார் ஜெயமணி.

"வேல போனா கேட்டுக்கு வெளிய நின்னு சொல்வன். இது பிளாஸ்டிக்."

பிரியதர்ஷினி பெருமூச்சு விட்டார். அவருக்கு ஃபிர்தௌஸைப் பிடிக்கும். ஆனால் தார்ப்பாயில் உரம் மட்டும்தான் இருந்தது.

"சாரி ஃபிர்தௌஸ். பேசினது பேசினதுதான். அந்த ஆர்டர குடுங்க ஜெயமணி, கையெழுத்து போட்டுடறன். டம்ளர பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுங்க. அந்த நாலு பேருக்கும் நாளைக்கு பொரி கடலை குடுத்து, விஷயத்த பக்குவமா சொல்லிடுங்க."

ஃபிர்தௌஸ் எழுந்து நின்றாள். முழங்காலில் உரம் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை.

"மொதல்ல டீ!" என்று ஜெயமணி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கெம்பம்மா, மூணு டீ! டம்ளர எறக்கிடப் போறீங்க, கப்புல கொண்டாங்க!"

அன்று பூஜை வேலைக்காகக் கேன்டீனுக்குள் இருந்த கெம்பம்மா தட்டோடு வந்தார். முதலில் மேடத்துக்குக் கொடுத்தார். பிறகு ஜெயமணிக்கு. ஃபிர்தௌஸ் வேண்டாமென்று தலையாட்டினாள்.

ஜெயமணி நின்றபடி ஒரு மிடறு குடித்தார். கப்பை உயர்த்திப் பிடித்தார்.

"பாருங்க மேடம். இப்ப கைல இருக்குது. மண்ணுல போட்டா அடையாளமே இருக்காது. நம்ம புழுவே சாட்சி."

அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

கப்பின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

ஃபிர்தௌஸ் இரண்டே எட்டில் அவரிடம் போனாள். கப்பைப் பிடுங்கினாள். பொட்டை நகத்தால் சுரண்டினாள். பிறகு பிரியதர்ஷினியின் கையைப் பிடித்து, அவர் கப்பையும் லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று.

"என்ன பண்றீங்க ஃபிர்தௌஸ்?"

"மேடம், ஸ்டோர்ல இருந்த கப்பு காலை டீயோட தீந்துடுச்சு. புது லோடு வரல." அவள் கெம்பம்மா பக்கம் திரும்பினாள். "அக்கா, இது எங்கருந்து எடுத்தீங்க?"

கெம்பம்மா பயந்துபோனார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் ஜெயமணியின் முகத்தைப் பார்த்து, புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லா சோப்பு போட்டிருக்கேன், பயப்படாதீங்க சார். ஆடி மாசத்துலருந்து இந்தப் புழுத்தொட்டில எவனோ போட்டுட்டுப் போறத எல்லாம் பொறுக்கி எடுத்து நான்தான் கழுவி கழுவி வெக்கறன், இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுக்குக்கூட ஒண்ணும் ஆகல."