கல்லுக்குப் போனவர் கட்டியோடு வந்தார்

"இனிமே இந்த வீட்டுல நான் ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்க மாட்டேன்" என்று அப்பா அறிவித்தார். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, பதவி ஏற்கிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "எனக்குள்ள ஒரு கட்டி இருக்கு."

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். "எங்க?"

"கிட்னியில. நீர்க்கட்டி."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாரு."

சொல்லவில்லை. டாக்டர் பேசும்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். அப்பாவுக்கு இடுப்புக்கு மேலே ஒரு வலி. தரையில் உருண்டார். சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருப்பவள் நான் என்பதால், யாருக்கு எங்கே நோவு என்றாலும் துணைக்குப் போவது நான்தான். ஸ்கேன் முடிவதற்குள் கல் தானாகவே வெளியே போய்விட்டது. எழுந்து வந்திருக்கலாம். ஆனால் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கல்லு இல்ல. ஆனா வேற ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. நாங்க தேடிப் போகல, அதுவாத் தெரிஞ்சுது. ஒண்ணு, கிட்னியில ஒரு நீர்க்கட்டி. உங்க வயசுல நிறையப் பேருக்கு இருக்கும். ஒண்ணும் பண்ண வேண்டாம், திரும்பப் பார்க்கக்கூட வேண்டாம். மறந்துடுங்க."

அப்பா தலையாட்டினார்.

"இன்னொண்ணு, வயித்தைப் படம் எடுக்கும்போது நுரையீரலோட அடி ஓரமும் கொஞ்சம் சேர்ந்து விழும். அங்க ஒரு புள்ளி தெரியுது. பட்டாணியை விடச் சின்னது. பெரும்பாலும் பழைய தழும்பாத்தான் இருக்கும். இருந்தாலும் மூணு மாசம் கழிச்சு நெஞ்சு முழுக்க ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். சிகரெட் உண்டா?"

"எப்பவாவது" என்றார் அப்பா.

"எப்பவாவது நிறுத்துவாரு" என்றேன் நான்.

திரும்பும்போது படியில்தான் இறங்கினோம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். தன் கை படாத லிஃப்டில் ஏற மாட்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் புள்ளி விஷயம் அம்மாகிட்ட வேண்டாம். பயந்துடுவா."

"கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"கேட்கணும்னே அவளுக்குத் தெரியாதே. எப்படிக் கேப்பா?"

"மூணு மாசம் கழிச்சுப் போகணும்ல?"

"எதுக்குப் போகணும்? இங்க பாரு. நான் ஒரு லிஃப்ட்ல பட்டன் மாத்தப் போறேன்னு வை. மாத்தினேனா, வந்தேனா. கல்லைப் பார்க்கச் சொன்னா நுரையீரலை எதுக்குப் பாக்குறாங்க?"

"பட்டன் மாத்தப் போன இடத்துல லிஃப்ட் கயிறுல ரெண்டு இழை அறுந்திருந்தா?"

அப்பாவுக்கு வேலையைப் பற்றிக் கேட்டால் பொய் வராது. "அடுத்த தடவை போறப்போ பாக்கணும். அறுந்த இழை கூடியிருக்கான்னு."

"பாக்காம விட்டா?"

"விடக் கூடாது."

"அப்புறம்?"

"அது கயிறு. இது நான்" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார். போன வாரம்தான் ஓர் அடுக்குமாடிச் செயலாளர் "ஓடுறது பாட்டுக்கு ஓடட்டுமே" என்று சொல்லப்போக, அந்த ஆளைப் பச்சையாகத் தின்றுவிட்டு வந்திருந்தார் இதே மனிதர்.

ஆக, மறக்கச் சொன்னதை ஊரெல்லாம் சொன்னார். மறக்கக் கூடாததை மறைத்தார்.

கட்டியின் ஆட்சி தொடங்கியது. தண்ணீர் தூக்குவதில்லை. கடைக்குப் போவதில்லை. மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறுவதில்லை. ஆகாயத்துக்கும் பூமிக்கும் நடுவில் தொங்கி வேலை பார்க்கிற மனிதர், வீட்டுக்குள் தலையணையைத் தூக்கினால் "அம்மாடி" என்றார். எதிர்வீட்டு அக்கா தினமும் விசாரிக்கும்.

"அண்ணே, கட்டி எப்படி இருக்கு?"

"இருக்கும்மா" என்பார், வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க உட்காருங்க", "நான் பாத்துக்கறேன்". அம்மா சண்டை போடாவிட்டால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு அது புரியவில்லை. "பாத்தியா, உங்கம்மாவுக்கு என்மேல எவ்வளவு பாசம்" என்று என்னிடம் கண்ணடித்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சோபாவில் தனியாக இருக்கும்போது அவர் கை கிட்னிப் பக்கம் போகவே போகாது. விலாவின் மேல்தான் இருக்கும். மூச்சை இழுத்து நிறுத்திப் பார்ப்பார். லேசாக இருமிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். நான் பார்த்தேன் என்று தெரிந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். எனக்குக் கோபமாக வரும். கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதோ மாதிரி இருக்கும். அம்மா கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அம்மா கேட்கவே இல்லை. எனக்கு எரிச்சலே அதில்தான்.

மூன்று மாதம் ஆனது. அப்பா வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம்தான் சாப்பாட்டில் உப்பு நின்றது.

"என்னடி இது, உப்பே இல்ல?"

"கட்டிக்கு ஆகாதுங்க."

மறுநாள் டீ நின்றது. கட்டிக்கு ஆகாது. டிவி நின்றது. கட்டிக்கு அதிர்ச்சி ஆகாது. சாயங்காலம் மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். அவர் காற்று வாங்கப் போவது தீப்பெட்டியோடு. அம்மா மாடிக் கதவுச் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "அவ்வளவு படி ஏறலாமா? கட்டி என்ன ஆகும்?" என்றாள்.

"அக்காவுக்கு போன் பண்ணிட்டேன்" என்றாள் அடுத்து.

"எந்த அக்கா?"

"உங்க அக்காதான். அழுதுட்டாங்க. கட்டி கரையற வரைக்கும் கூடவே இருக்கேன்னு பெட்டியை எடுத்துட்டாங்களாம்."

அப்பாவின் முகம் வெளுத்தது. அத்தை இதற்கு முன் ஒரு ஜலதோஷத்துக்கு வந்து, பக்கத்துத் தெருவுக்கும் ஜலதோஷம் பிடிக்கிற வரை இருந்தார்.

"உங்க மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். பாவம், நல்ல மனுஷன். இனிமே கயிறு பக்கமே போக வேண்டாம், ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுக்கட்டும்னுட்டாரு."

"போனா? நான் போன் எடுக்கறதா?"

"அப்புறம், வர்ற வியாழக்கிழமை காலையில எதுவும் சாப்பிடாம இருங்க."

"ஏன்?"

"கட்டியை எடுத்துடலாம்னு பேசிட்டேன். வயித்தைத் திறந்து எடுக்கறதுதான் நல்லதாம். தழும்பு இத்தனை நீளம்தான் இருக்கும்." அம்மா கையிலிருந்த அளவு நாடாவை விரித்துக் காட்டினாள். ஒரு தலையணை உறைக்குத் தேவையான நீளம்.

அப்பா துள்ளி எழுந்தார். அத்தனை நாள் தலையணை தூக்காத மனிதர் சோபாவையே நகர்த்திவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? கட்டி ஒண்ணுமே இல்லடி! டாக்டரே சொன்னாரு! திரும்பப் பாக்கக்கூட வேண்டாம்னு சொன்னாரு! திரும்பப் பாக்கணும்னு சொன்னது அதை இல்ல, இந்த..."

நின்றுவிட்டார். கை விலாவுக்குப் போயிருந்தது.

அம்மா நாடாவைச் சுருட்டினாள். மெதுவாக, ஓரம் பிசகாமல் சுருட்டினாள்.

"எதை?" என்றாள்.

அப்பா உட்கார்ந்தார். புள்ளியைப் பற்றிச் சொன்னார். பட்டாணி, தழும்பு, மூன்று மாதம், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை மறக்கவில்லை. ராத்திரி பகலாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார்.

"பாக்காம இருந்தா இல்லாமலே போயிடும்னு நெனச்சேன்" என்றார். "பாத்துட்டா இருக்குன்னு ஆயிடுமே."

நான் ஏதாவது பட்டென்று சொல்லியிருப்பேன். வாயில் வந்தது. அம்மா ஒரு பார்வை பார்த்தாள், முழுங்கிவிட்டேன்.

"வாங்க, சாப்பிடலாம்" என்றாள் அம்மா. "உப்பு போட்டிருக்கேன்."

அப்பா சாப்பிடப் போனதும் நான் அம்மாவைச் சமையலறையில் மடக்கினேன். எல்லாம் நாடகம்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள்: அத்தை வரவில்லை. மேனேஜருக்கு போனே போகவில்லை. எந்த வியாழக்கிழமையும் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்தானே? என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல?"

"வேற ஏதோ இருக்குன்னு மட்டும் தெரியும். தானாச் சொல்வாருன்னு இத்தனை நாள் பொறுத்துப் பார்த்தேன். உன்னைக் கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. அவர் வாயால வந்திருக்காது. வாயால வந்தாத்தான்டி காலும் வரும். இல்லேன்னா நான்தான் தூக்கிட்டுப் போகணும்."

ஸ்கேனுக்கு மூன்று பேரும் போனோம். அப்பா உள்ளே படுத்திருந்த நேரத்தில் அம்மா புடவை முந்தானையின் ஓரத்தை, பிரிந்திருக்கிறதா என்று நூல் நூலாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் பிரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. நான் அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்து, அப்புறம் பிடித்தேன். ஈரமாக இருந்தது.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "வளரல. அப்படியேதான் இருக்கு. இன்னும் ஒரு வருஷம் கழிச்சு ஒரு தடவை பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா பயமே வேண்டாம். சிகரெட்?"

"விட்டாச்சு" என்றாள் அம்மா.

"எப்ப?" என்றார் அப்பா.

"இப்ப."

பஸ்ஸில் ஜன்னலோர சீட் அப்பாவுக்குக் கிடைத்தது. மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, எங்கேயும் நிறுத்தாமல் விட்டார். பழைய ஆளாகிவிட்டார். கொஞ்சம் ராஜா மாதிரிகூடச் சாய்ந்துகொண்டார்.

"அது சரி, வேற ஏதோ இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நான்தான் கட்டியைப் பத்தி அவ்வளவு பேசினேனே!"

"அதனாலதாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்குறேன். உங்களுக்கு நிஜமாவே ஒண்ணைப் பார்த்து பயம்னா, அதைப் பத்தி வாயே திறக்க மாட்டீங்க."

அப்பா ஏதோ சொல்ல வந்தார். மூடிக்கொண்டார். பாலம் போனது, சந்தை போனது, எங்கள் தெருமுனைகூட வந்துவிட்டது. மனிதர் பேசவே இல்லை.

அம்மா அவர் முழங்கையை இடித்தாள்.

"இப்ப யாரைப் பார்த்துங்க பயம்?"