மூணாவது தடவை கேட்காத சிகாகோக்காரர்

இல்ல அத்தை, கரடி நான் இல்ல. அப்பா. உங்க தம்பி. பக்கத்து வீட்டு ட்ரூடி உங்ககிட்ட ஃபோன்ல சொன்னதுல பாதி பொய், மீதி அவளுக்கே தெரியாது. நீங்க கிறிஸ்துமஸ் கார்டு ஓரத்துல பொடி எழுத்துல “லாரி ஓட்டின கரடி நீதானா?”ன்னு கேட்டிருந்தீங்க பாருங்க, அதுக்கு மேல கார்டுல இருந்த தேவதை படத்தையே என்னால பார்க்க முடியல. நடந்தத அப்பிடியே சொல்றேன். இந்த வீட்ல ஒரு விஷயத்த நேரா சொல்ற ஒரே ஆள் நான்தான்.

அன்புள்ள சோல்வேக் அத்தைக்கு, லெய்ஃப் எழுதிக்கிறது. (அம்மா எட்டிப் பார்த்துட்டு, பெரியவங்களுக்கு எழுதற கடுதாசி இப்பிடியா ஆரம்பிக்கும்னாங்க. அதான்.) அரிசோனாவுல வெயில் சௌக்கியமா? மாமாவோட முட்டி சௌக்கியமா? இங்க மின்னசோட்டாவுல பனி ரொம்ப சௌக்கியம், சமையலறை ஜன்னல் வரைக்கும் வளர்ந்துருச்சு. நான் காலேஜ விட்டுட்டு மரக்கடையில பலகை அடுக்கறேன். போறேன்னு ஒரு தடவை சொன்னேன், காலேஜ் உடனே நம்பிருச்சு. நம்ம ஜனங்ககிட்ட இல்லாத நல்ல பழக்கம் அது. அதுலதான் இந்தக் கதையே இருக்கு.

தங்கச்சி மாரிட்டுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாலேல பனிப்பொண்ணு வேஷம். டான்ஸ் டீச்சர் பெலாஞ்சரம்மா வருஷா வருஷம் அதே கதையத்தான் போடுவாங்க, உங்களுக்கே மனப்பாடம். குளிர்காலத்துல தூங்க மறந்துட்ட கரடி, அத ஆடி ஆடியே தூங்க வைக்கற பனிப்பொண்ணு. கரடிக்கு ஆட்டம் கிடையாது, சும்மா உட்கார்ந்து கடைசியில கண்ண மூடணும். அதுக்கு ஊர்ல ஒரு அப்பாவப் பிடிப்பாங்க. இந்தத் தடவை நம்ம அப்பாவ மூணு தடவை கேட்டுட்டாங்க, அதுக்கு மேல மாட்டேன்னா மரியாதை இல்லையே. மனுஷன் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வேலைக்குப் போய் லாரியில ஊர் ரோடு பூரா பனி தள்ளிட்டு நேரா மேடைக்கு வந்தாரு. கதைப்படி கரடி கடைசிக் காட்சியில தூங்கணும். இவரு மொத காட்சியிலயே தூங்கிட்டாரு. நடிப்பு இல்ல அத்தை, குறட்டை. மேடையில மாரிட் தூங்காத கரடிய பார்த்து ஏங்கி ஏங்கி ஆடறா, கரடி மரம் அறுக்குது. இவ போய் எட்டி ஒரு உதை விட்டா, அதையும் ஆட்டம் மாதிரியே அழகா விட்டா. ஜனங்க கைதட்டல் ஓயல. பக்கத்து சீட்டு அம்மா என்கிட்ட “இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு”ன்னாங்க. நம்மூர்ல அப்பிடின்னா சகிக்கலன்னு அர்த்தம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா நிஜமாவே பிடிச்சிருந்துச்சு போல, அழுதுட்டிருந்தாங்க.

விஷயம் கரடி இல்ல. சிகாகோவுலேர்ந்து கின்டெரோன்னு ஒருத்தர் வந்து முன்வரிசையில உட்கார்ந்திருந்தாரு. அங்க பெரிய பாலே பள்ளிக்கூடம் நடத்தறவரு, பெலாஞ்சரம்மாவோட பழைய சிநேகிதர். அவருக்குப் பிடிச்சா மாரிட் ஜனவரியிலேர்ந்து அங்கயே தங்கி ஆடலாம். பிடிக்கலன்னா வழக்கம்போல இந்த ஊர். ஒரு மாசமா வீட்ல எல்லாருக்கும் நெஞ்சு அடிச்சுக்குது, ஆனா ஒருத்தரும் அத நேரா சொல்லல. “போனாலும் நல்லதுதான், போகாட்டியும் நல்லதுதான்”னு அம்மா. “சிகாகோவுல பனிய ஒழுங்கா தள்றதில்லையாம்”னு அப்பா. மாரிட் “பார்க்கலாம்”னா. அவ எதுக்குத்தான் பார்க்கலாம்னு சொல்லல.

ஆட்டம் முடிஞ்சதும் அம்மா அவரையும் பெலாஞ்சரம்மாவையும் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. மத்தியான ஆட்டம், நாலு மணிக்கெல்லாம் இருட்டு, நாலரைக்கு சாப்பாடு. மேஜையில சவக்காரத்துல ஊறவெச்ச அந்த மீன், நீங்க அரிசோனாவுக்கு ஓடிப் போனதே அதுக்குப் பயந்துதான்னு மாமா சொல்வாரே அது. உருளைக்கிழங்கு ரொட்டி. எலுமிச்சை கேக். மேஜைத் தலைமாட்டுல ஒரு கரடி, ஏன்னா அப்பாவோட வேஷத்துல ஜிப் மாட்டிக்கிச்சு. தலைய மட்டும் கழட்டிப் பக்கத்து நாற்காலியில வெச்சுட்டு சாப்பிட்டாரு. கின்டெரோ அந்த மீன ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. வேண்டாம்னே சொல்லல. அப்பவே எனக்கு சந்தேகம், இந்தாளு வேற கிரகம்னு.

சாப்பிட்டு முடிச்சதும் துணியால வாயத் தொடச்சுக்கிட்டு நேரா கேட்டாரு. “மாரிட், ஜனவரியில எங்ககிட்ட வந்துடறியா?”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க”ன்னா மாரிட்.

மேஜையே பூரிச்சுப் போச்சு. நீங்க வெயில்ல இருந்து இருந்து மறந்திருப்பீங்க, அதனால சொல்றேன். இங்க யாரு எதக் குடுத்தாலும் மொத தடவை வேண்டாம்ங்கணும். ரெண்டாவது தடவை உங்களுக்கு எதுக்கு சிரமம்ங்கணும். மூணாவது தடவை கேட்டாத்தான், சரி, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா. ஒரு கப் காப்பிக்கே அதான் வழி, சிகாகோவுக்கு எப்பிடி இருக்கணும். மாரிட்டோட மொத வேண்டாம் அவ்ளோ அழகா, அவ்ளோ அடக்கமா இருந்துச்சு. அம்மா பெலாஞ்சரம்மாவப் பார்த்தாங்க, வளர்ப்பப் பாருன்னு. எல்லாரும் ரெண்டாவது தடவைக்காகக் காத்துட்டிருந்தோம்.

“அப்பிடியா. புரியுது”ன்னாரு கின்டெரோ.

சொல்லிட்டுத் தட்டுல இருந்த கடைசிக் கேக் துண்ட எடுத்தாரு. பாதியா வெட்டல. பாதியப் பாதியா வெட்டல. முழுசா எடுத்து வாயில போட்டாரு. நம்ம வீட்ல கடைசித் துண்ட முழுசா எடுத்தவங்க யாரும் கிடையாது, அது நூல் மாதிரி ஆகுற வரைக்கும் வெட்டி வெட்டி அப்புறம் காஞ்சு போய் பறவைக்குத்தான் போகும். அவரு எந்திரிச்சு, “நல்ல சாப்பாடு, வர்றேன், ஏழு மணிக்கு டுலூத்ல விமானம்”னு கோட்ட மாட்டிக்கிட்டுப் போயே போய்ட்டாரு. விடைபெறுறதுன்னா என்னன்னு தெரியாத ஆளு. தொடையத் தட்டிக்கிட்டு “சரி, அப்ப...”ன்னு ஆரம்பிக்கணும், சமையலறையில கொஞ்ச நேரம் நிக்கணும், வாசல்ல நிக்கணும், கார் கண்ணாடி வழியா இன்னும் கொஞ்ச நேரம் பேசணும். அப்பா தொடையத் தட்டறதுக்குள்ள கார் தெரு திரும்பிருச்சு.

“நெஜம்னு நெனச்சுட்டாரு”ன்னாங்க பெலாஞ்சரம்மா, முகம் வெளுத்துப் போய். “அவரு மயாமியில பொறந்தவரு.”

அம்மா நாற்காலிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. “போய்ட்டாரா? ரெண்டாவது தடவை கேட்காமயேவா?”

“ஃபோன் பண்ணுங்க”ன்னேன் நான்.

“கார் ஓட்டிட்டிருப்பாரு, தொந்தரவு பண்ணக் கூடாது”ன்னாரு அப்பா.

தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொன்ன மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா, பனி தள்ற லாரிய எடுத்துட்டாரு. வாசல்ல அதுதான் நின்னுச்சு, அம்மா கார் எந்தக் குவியலுக்கு அடியில இருக்குன்னு ஏப்ரல்லதான் தெரியும். அப்பா, நான், நடுவுல பாலே பாவாடையோட மாரிட். அவ ஏறவே மாட்டேன்னா, “விடுப்பா, அவரு போகட்டும்”னா, அம்மாதான் “எவ்ளோ தங்கமான பொண்ணு”ன்னு சொல்லித் தூக்கி ஏத்திவிட்டாங்க. வழியில அவருக்குப் பசிக்குமேன்னு ஒரு பாத்திரம் ஹாட்டிஷ், கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அடுப்புல வெச்சு எடுத்தது, சுடச்சுட, என் மடியில. வெறும் கையோட போய் நிக்க முடியுமா.

பெரிய ரோட்டுல அவரப் பிடிச்சோம். காத்துக்குத் தல குளிருதுன்னு அப்பா கரடித் தலைய மாட்டிக்கிட்டாரு, எனக்கு அப்ப அது தப்பாவே படல. மேல மஞ்ச விளக்கு சுத்துது, ஹார்ன் அடிக்கறாரு. நீங்களே அந்த மனுஷன் இடத்துல இருந்து பாருங்க. பின்னாடி கண்ணாடியில பனி தள்ற லாரி, ஓட்டறது கரடி. அவரு அழுத்தினாரு வேகத்த. அழுத்தினவரு மெதுவா, ரொம்ப மரியாதையா, ரோட்டோரப் பள்ளத்துல போய் உட்கார்ந்தாரு. அடி ஒண்ணும் இல்ல, பஞ்சு மாதிரி பனி.

கரடி ஹாட்டிஷ் பாத்திரத்தோட இறங்கிப் போய்க் கண்ணாடியத் தட்டுச்சு, பின்னாடியே நானும் மாரிட்டும். உள்ள கின்டெரோ எல்லாக் கதவையும் பூட்டிக்கிட்டாரு. அப்பா தலையக் கழட்டி, “கொஞ்சம் காத்தா இருக்குல்ல”ன்னாரு. அப்புறம் டுலூத் பக்கம் எப்பிடி இருக்கும்னாரு. அப்புறம் இந்த மாடல் கார் பனியில எப்பிடின்னாரு. என்னால முடியல அத்தை.

“சார், இன்னொரு தடவை கேளுங்க”ன்னேன்.

“என்னத்த?”

“மாரிட்ட. வர்றியான்னு.”

ஒரு விரல் அளவுக்குக் கண்ணாடிய இறக்கி, “வர்றியாம்மா?”ன்னாரு.

“உங்களுக்கு எதுக்கு சிரமம், வேண்டாம்”னா மாரிட்.

“பார்த்தீங்களா, வேண்டாம்ங்கறாளே.”

“இன்னும் ஒரே ஒரு தடவை சார்.”

“தம்பி, உங்க வீட்ல எல்லாருக்கும் உடம்பு சரியாத்தான் இருக்கா?”

ஆனா கேட்டுட்டாரு. மாரிட் அப்பாவப் பார்த்தா, பள்ளத்துல இருந்த காரப் பார்த்தா. “சரி, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா”ன்னா. அப்பா “பரவால்லயே”ன்னாரு. உங்க தம்பி பரவால்லயேன்னா தேம்பித் தேம்பி அழறாருன்னு அர்த்தம். அப்புறம் சங்கிலி போட்டுக் கார இழுத்து, விமான நிலையம் வரைக்கும் முன்னாடி பனி தள்ளிக்கிட்டே போய் விட்டுட்டு வந்தோம். நடுவுல ஒரு போலீஸ்காரர் நிறுத்தினாரு. அப்பாவ ஏற இறங்கப் பார்த்துட்டு, “இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு”ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அவரு ட்ரூடியோட நாத்தனார் புருஷன். அதான் உங்க காது வரைக்கும் வந்திருக்கு.

ஆக எல்லாம் சுபம். புது வருஷம் பொறந்ததும் குடும்பத்தோட சிகாகோவுக்குக் கெளம்பறோம், போற வழியில மேடிசன்ல பெரியப்பா வீட்டு விருந்து, அங்கயும் அதே மீனாம். நேரா பேச ஒருத்தன் இல்லன்னா மாரிட் கதி என்ன ஆகியிருக்கும்னு அம்மாவே சொன்னாங்க, என்னப் பத்தி அவங்க இந்த வருஷம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. மாமாவுக்கு என் அன்பு. உங்க வாசல் கள்ளிச்செடிக்கும் சொல்லுங்க. ரெண்டு பேரும் நூறு வயசு வெயில்ல காயணும்.

இப்படிக்கு,
லெய்ஃப்

பின்குறிப்பு: கவர நக்கி ஒட்டப் போற நேரம் மாரிட் ரூமுக்குள்ள வந்தா.

“அண்ணா, மொத தடவை வேண்டாம்னேன்ல?”

“ஆமா, பிரமாதமா சொன்ன.”

“அது வேண்டாம்தான்.”

“என்னது?”

“வேண்டாம்னா வேண்டாம். ரெண்டாவதும் அதான்.”

“அப்ப மூணாவது?”

“அந்தாளு கார் பள்ளத்துல கெடக்கு, அப்பா கரடி வேஷத்துல பனியில நிக்கறாரு. அப்பவும் மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?”

அவளுக்கு ஆடப் பிடிக்குமாம், அதையே பொழப்பா வெச்சுக்கப் பிடிக்கலயாம். இங்கயே இருந்து பனி தள்ற லாரி ஓட்டக் கத்துக்கணுமாம். விடியறப்ப ரோட்டுல மொத ஆளா போறது இருக்கேன்னு சொல்றப்ப அவ மொகத்தப் பார்க்கணுமே அத்தை, மேடையில கூட நான் அதப் பார்த்ததில்ல. அம்மா அப்பாகிட்ட போய்ச் சொல்லுடின்னேன். சொல்லிட்டாளாம், ஒரு தடவை இல்ல, பல தடவை. சொல்றப்பல்லாம் அம்மா கண்ணு கலங்கி, “எவ்ளோ அடக்கம்”னு தலையத் தடவறாங்களாம். “நீ சொல்லு. நீதான நேரா பேசறவன்”ங்கறா.

பேசறவன்தான். ஆனா அப்பா இன்னைக்கு அவளுக்குன்னு செவப்புப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்காரு. வேலைக்கு லீவு வேற சொல்லிட்டாரு, பனிக்காலத்துல அந்த மனுஷன் லீவு எடுத்து யாரும் பார்த்ததில்ல. பாலே ஷூ உள்ள அடங்குதான்னு பார்க்க இதோ பெட்டியத் தூக்கிட்டு மாடிக்கே வந்துட்டாரு. “நெறம் பிடிச்சிருக்கா?”ன்னாரு. “நல்லா இருக்குப்பா”ன்னா மாரிட், சொல்லிக்கிட்டே என் கால மிதிக்கறா. அப்பா இப்ப என்னப் பார்த்து, “நீ என்னடா சொல்ற?”ங்கறாரு. நான் போகணும் அத்தை.