அக்டோபர் பத்து வரை மழை இல்லை

படிக்காதவன் தவறு செய்தால் தவறோடு முடிந்துவிடும். படித்தவன் செய்தால் அதற்கு அட்டவணையும் வரைபடமும் இணைப்பாக இருக்கும். நான் செய்தது இரண்டாவது வகை.

கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்ற வருடம், எக்செலில் மாக்ரோ எழுதக் கற்றுக்கொண்டேன். (ஒரு பொத்தானை அழுத்தினால் நூறு வேலையைத் தானே செய்யும்படி நாம் எழுதிவைக்கும் கட்டளைகள். வேலையே இல்லாதவனுக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.)

நாகலாபுரம் பக்கம் என் தங்கை வீட்டுக்காரருக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசல். வருடத்துக்கு ஒரே விதைப்பு. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட வேண்டும். பெய்துவிட்டால் டிராக்டர் இறங்காது. ரொம்ப முந்தினால் விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். சரியான நாளை நான் குறித்துக் கொடுப்பதாக முடிவு செய்தேன். (என்னிடம் யாரும் கேட்கவில்லை.)

இருபது வருட மழைக் குறிப்புகளைத் தட்டி ஏற்றி மாக்ரோவை ஓட்டினேன். அக்டோபர் பத்து வரை மழை இல்லை என்றது. செப்டம்பர் கடைசியில், மக்காச்சோள விதையோடு புறப்பட்ட மாப்பிள்ளையை மடிக்கணினியும் கையுமாகப் போய் மறித்தேன்.

"மச்சான், ஊரே வெதச்சிட்டு. கெழக்க மின்னுது, பாத்தீங்களா?"

"மின்னலெல்லாம் தரவு ஆகாது மாப்ளே. எட்டாம் தேதி வெதைங்க."

தங்கை குறுக்கே வந்தாள். "ஏண்ணே, ஒங்க பொட்டி என்னைக்காவது புஞ்சைல கால் வச்சிருக்கா?"

"சும்மா இரிட்டி. படிச்சவிய சொல்லுதாவ," என்று மாப்பிள்ளை விதையை இறக்கினார். அந்த மரியாதைதான் இன்றும் சுடுகிறது.

நான்காம் தேதி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

கோவில்பட்டியில் என் வீட்டுக்குத் திரும்பி வந்து மாக்ரோவைத் தோண்டினேன். தேதி எழுதும்போது நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். நான் சொல்லிவைக்க மறந்ததால், அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வாசித்திருக்கிறது. பழைய வருடங்களில் 4/10 அன்று பெய்த மழை ஏப்ரல் பத்துக்குப் போய்விட்டது. இப்படி, அக்டோபர் முதல் ஒன்பது நாள் மழையை ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை, மாதந்தோறும் பத்தாம் தேதி தவணை முறையில் பெய்ய வைத்திருந்தேன். (அந்தக் கணக்குப்படி எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது.) ஏப்ரலில் இங்கே ஏது மழை என்று ஆடு மேய்ப்பவர்கூடக் கேட்டிருப்பார். புள்ளியியல்காரன் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னேனா? பருவநிலை மாற்றம் பற்றி அரை மணி நேரம் பேசினேன்.

சுற்றிலும் பச்சை பிடித்திருக்க, அந்த ஆறு ஏக்கர் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. பிறகு கொத்தமல்லி விதைத்தார், பாதிதான் முளைத்தது. மாட்டுக்குப் போடச் சோளத்தட்டை இல்லாமல் தங்கை தன் கறவைப் பசுவை விற்றாள். அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "மழ சரியாத்தான் பெஞ்சிருக்கு மச்சான். நீங்கதான் அமெரிக்கால நின்னு பாத்திருக்கீங்க."

தங்கை சிரிக்கவில்லை.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு. போன வாரம் அவள் வீட்டில் வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு மழை வரும்போல இருக்கே," என்றேன். அவள் மிளகாய் வத்தலை அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள், காயப்போட.