பார்சல் கிடையாது

நாமக்கல்லில் கையில் காசும் வயிற்றில் பசியுமாக வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பிய ஒரே ஓட்டல்காரர் எங்கள் தெரு ஸ்பெயின்காரர்தான். அவருடைய நிஜப் பெயர் ஆதார் அட்டைக்கே மறந்திருக்கும். ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊருக்குப் பாத்திரம் கழுவப் போய், சமையல்காரராகத் திரும்பியவர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கஃபே போட்டு, 'தாப்பாஸ்' என்று பலகை மாட்டினார்.

அதென்ன என்று கேட்டால், சின்னச் சின்னத் தட்டுகளில் பலகாரம் வரும், மேசை நடுவே வைத்து எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும் என்பார். எச்சில் பட்டுவிடும் என்று தண்ணீரையே அண்ணாந்து குடிக்கிற ஊரில் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பல்குச்சி குத்தியிருக்கும். முட்டைக்குப் பஞ்சமில்லாத ஊராச்சே, உருளைக்கிழங்கைப் போட்டு செங்கல் கனத்துக்கு ஒரு ஆம்லெட் சுடுவார். அது அமிர்தம். அவருடைய ஆலிவ் காய்களைப் பற்றி மட்டும் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

கடைக்கு இரண்டு சட்டம். பார்சல் கிடையாது. தனியாக வந்தால் சாப்பாடே கிடையாது. இது தெரியாமல் ஒரு நாள் தனியாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க, ஒண்டியாத் திங்கறதுக்கு ஊட்டுலயே திங்கலாமுங்களே? ஆரையாச்சும் கூட்டிக்கிட்டு வாங்க."

தெருவில் போன கேஸ் சிலிண்டர்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்த பிறகுதான் எனக்கு ஆம்லெட் கிடைத்தது. இன்னொரு தடவை, டிராஃபிக் ஏட்டையும், ஹெல்மெட் போடாததற்கு அன்று காலையில் அவரிடமே அபராதம் கட்டிய பையனையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் இருவரும் சுவரைப் பார்த்தே மென்றார்கள். தட்டுகள் காலியாவதற்குள் ஏட்டு அந்தப் பையனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்ட மேசை மட்டும் எப்போதும் காலி. எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதில் யாரையும் உட்கார விடமாட்டார். அது அவருடைய அண்ணனுக்கு. அப்பா இறந்தபோது இவரால் ஸ்பெயினிலிருந்து வர முடியவில்லை. தனி ஆளாக நின்று கொள்ளி வைத்த அண்ணன், இனிமேல் என் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். வீடு அடுத்த தெருவில்தான். நான்தானே ஏறக் கூடாது, அவர் இறங்கி வரலாமே என்று மனுஷன் கடையையே இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் அண்ணன் வீட்டு டிரைவர் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பெரியவரு உருளைக்கெழங்கு ஆம்லெட் ஒண்ணு வாங்கியாரச் சொன்னாருங்க."

ஸ்பெயின்காரர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இன்றோடு சட்டம் ஒழிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் எடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பார்சல் இல்லீங்க. அண்ணன வந்து உக்காரச் சொல்லுங்க. எந்நேரமானாலும் கடை தொறந்திருக்கும்."

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் அண்ணன் வரவே மாட்டார் என்று என்னிடம் காரணம் சொன்னார். அந்த மேசைக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டார். அண்ணன் படுக்கையில் விழுந்துவிட்டதை டிரைவர் தானாகச் சொல்லவில்லை. இவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த மாதமே அண்ணன் காலமானார். அந்த வீட்டுப் படியை ஸ்பெயின்காரர் மறுபடி ஏறியது அன்றைக்குத்தான்.

இப்போது கடையில் பார்சல் உண்டு. தனியாக யார் வந்தாலும் ஒன்றும் கேட்பதில்லை. ஏட்டு ஒரு மேசை, பையன் ஒரு மேசை. ஊருக்கு இது வசதிதான். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

போன வாரம் போய் ஒரு ஆம்லெட் பார்சல் கேட்டேன். உடனே கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நேரே ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்து பிரித்து வைத்தேன். அவர் அடுப்படியிலிருந்தே, ஆறிப்போகும் சாப்பிடுங்க என்றார்.

"ஒண்டியா எப்படிங்க திங்கறது? ஆள் வரட்டும்" என்று எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஆம்லெட் நன்றாகவே ஆறிப்போனது. அவர் வந்து உட்காரும்வரை நான் குச்சியைத் தொடவில்லை.