வெள்ளைக் காக்கா எடுத்த சோறு

டண்டீ, ஸ்காட்லாந்து
8.8.1994

ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணா அழகியமணவாளன் அவர்கள் பாதங்களைத் தொட்டு, ராஜபாளையம் தம்பி ஸுந்தரராஜன் எழுதிக்கொண்டது. ஆண்டாள் புண்ணியத்தில் நானும் ஸாவித்ரியும் மகள் வீட்டில் சௌக்கியம். மாப்பிள்ளை கண்ணபிரானுக்கு ஆஸ்பத்திரியில் நல்ல பேர். காஞ்சனா எங்களுக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கையை மடக்க முடியாமல் வைத்திருக்கிறாள். அண்ணியின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா காலமானதிலிருந்து ஆடி அமாவாசை வந்தாலே எனக்குப் பயம். மாடியில் இலை போட்டுச் சோறு வைத்துத் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்துவேன். ராஜபாளையத்துக் காக்கைகள் அடுத்த வீட்டு ஆன்டெனாவில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்க்கும். உங்கள் வீட்டிலோ இலையைக் கீழே வைப்பதற்குள் பாய்ந்து வரும். பின்பக்கம் மீன் கடை இருக்கிற வீட்டுக்குக் காக்கை வர என்ன குறைச்சல் என்று நான் கேட்டதற்கு உங்களுக்கு வந்ததே கோபம்! "நம்ம ஊரை விட்டுட்டு ராஜபாளையத்துக்குக் குடிபோனேல்லலே, அப்பாவுக்கு உம்மேல மனத்தாங்கல். அதான் உன் சோத்தத் தொடமாட்டேங்காரு" என்று கல்யாண வீடு, காதுகுத்து வீடு பாராமல் சொல்லி வந்தீர்கள். டவுன் பஸ் போகிற தூரம் அண்ணா! வெளியே சிரித்து மழுப்பினாலும் உள்ளுக்குள் எனக்கு வலித்தது. நிஜமாகவே அப்பா என்மேல் கோபமாகத்தான் போய்விட்டாரோ என்று தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று கடற்கரையில் ஒரு பழங்கால ஊர். "மாமா, லீவு நாள்ல ஊர் சுத்திப் பார்த்த மாதிரியும் இருக்கும், நீங்க தாத்தாவுக்கு எள்ளுத்தண்ணி விட்ட மாதிரியும் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. ஸாவித்ரி எழுந்து குளித்து, பருப்பும் பூசணிக்காயும் சமைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியில் கட்டிக்கொண்டாள். வெங்காயம் கிடையாது. அப்பாவின் ஆசாரம் உங்களுக்குத் தெரியாததா? பிச்சை முகம்மது அண்ணன் வீட்டுக்கு ஞாயிறு பேப்பர் படிக்கப் போனால்கூட வெற்றிலை மட்டும் போட்டுக்கொண்டு திரும்புகிற மனுஷர். வாழையிலை கிடைக்காததால் முட்டைக்கோஸ் இலை. காக்கை எடுக்கிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை காபிகூடக் குடித்திருக்கவில்லை, பாவம்.

கடலைப் பற்றி என்ன எழுத? ஆடி மாசம் என்று பேர்தான். காலை வைத்ததும் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். மேலே மழை. வேட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதமாக நான் மந்திரத்தைப் பல் கிட்டிப்போய்ச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. நாயோடு வந்த கிழவர் ஒருவர் இது என்ன என்று கேட்டார். "செத்துப்போன அப்பாவுக்குச் செய்கிறார்" என்று மாப்பிள்ளை இங்கிலீஷில் சொன்னதும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கிறவரை அந்த மழையிலேயே நின்றார் அண்ணா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கிருந்து மேட்டில் இருக்கும் பெரிய மாதாகோவிலுக்குப் போனோம். பல நூறு வருஷமாகக் கூரையில்லாமல் நிற்கிறதாம். "எம்புட்டுப் பெரிய கோயிலு! ஒரு திருப்பணிக் கமிட்டி போட ஆளில்லையாம்மா?" என்று ஸாவித்ரி வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டாள். அந்தப் பெண் சிரித்து "தேங்க்யூ" என்றாள். உள்ளே இடிந்த சுவர் முழுக்கக் காக்கை! அசல் நம் ஊர்க் கறுப்பு. எனக்கு உயிர் வந்தது. தட்டையான ஒரு கல்லின்மேல் கோஸ் இலையை விரித்துச் சோறு வைத்து, "கா… கா…" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். அந்தக் கல் ஏதோ ஒரு துரையின் சமாதி என்று காஞ்சனா பிறகுதான் சொன்னாள். சுற்றுலா வந்தவர்கள் கூடிவிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கை தட்டினார்கள். காக்கைகள் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தன, இறங்கவில்லை. ஸ்காட்லாந்துக் காக்கைக்குமா என்மேல் மனத்தாங்கல்?

இலையை மடித்து எடுத்துக்கொண்டு இடிந்த கோட்டையைப் பார்த்தோம். பாறையில் குடைந்த பாதாளச் சிறை ஒன்று உண்டு. எட்டிப் பார்த்த மாப்பிள்ளை, "இதுக்குள்ள கிடந்தவனுக்கும் சோறு போட்டிருப்பாங்கல்ல மாமா?" என்றார். துறைமுகத்துக்கு வந்தால் மீன் பொரிக்கிற வாடை. காஞ்சனா, "அப்பா, தலை சுத்துதுப்பா" என்று சுவரில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. இலையைக் கையில் ஏந்தி, "அப்பா, கோவம்னா அது என்னோட போகட்டும். இந்தப் புள்ளைகளப் பட்டினி போடாதீங்க" என்று வாய்விட்டே சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை. தலைக்கு மேல் சடசடவென்று இறக்கைச் சத்தம். குல்லா ஒரு பக்கம் பறந்தது, இலையோடு சோறு ஒரு பக்கம் போனது. பார்த்தால் வாத்து அளவுக்கு ஒரு கடல்பறவை, சுவரில் நின்று பூசணிக்காயோடு விழுங்குகிறது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, மஞ்சள் அலகு, அலகின் நுனியில், நாமத்தின் நடுவே ஸ்ரீசூர்ணம் வைத்தாற்போல் ஒரு சிவப்புப் பொட்டு! "மாமா வந்துட்டாக!" என்று ஸாவித்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன், சந்தோஷத்தில். பிறகு நாலு பேரும் அந்தச் சுவரிலேயே வரிசையாக உட்கார்ந்து தூக்குவாளியைக் காலி பண்ணினோம். மழைகூட விட்டுவிட்டது.

ஆகையால் அண்ணா, அப்பாவுக்கு என்மேல் வருத்தம் என்று இனி யாரிடமும் சொல்ல வேண்டாம். வருத்தமுள்ளவர் இவ்வளவு தூரம் கடல் தாண்டி வருவாரா? அதுவும் உங்கள் மீன்கடைக் காக்கை மாதிரி இல்லாமல், தம் ஆசாரத்துக்கு ஏற்றபடி நாமத்தோடு வந்தார். அண்ணிக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். ஆண்டாளுக்கு என் பேரில் ஒரு மாலை சாத்தவும்.

தங்கள் தம்பி,
ஸுந்தரராஜன்

பி.கு.: நடந்ததை முழுசாக எழுதச் சொல்லி ஸாவித்ரி பக்கத்தில் நிற்கிறாள். நம் சோற்றை விழுங்கிய அதே பறவை, வாயைக்கூடத் துடைக்காமல், பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மாள் கையிலிருந்த பொரித்த மீனை முழுசாகப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. நான் இடிந்துபோய்விட்டேன். "அப்ப அது அப்பா இல்லட்டி" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இப்பத்தாங்க நிச்சயமாத் தெரியுது. பிச்சை முகம்மது அண்ணன் வீட்டுக்கு மாமா பேப்பர் படிக்கவா போனாக? அவுக வீட்டு மெகராஜ் பேகம் அக்கா பொரிக்கிற மீனுக்குல்லா போனாக! வெத்தலை போட்டது வாடை தெரியாம இருக்கத்தான். யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாக" என்றாள். நேற்றிலிருந்து உங்கள் வீட்டுப் பின்பக்கத்து மீன் கடை என் கண்முன்னாலேயே நிற்கிறது. அப்பாவுக்கு மனத்தாங்கல் என்மேல் இல்லை அண்ணா, பூசணிக்காய்மேல்.